கொக்கியில் தொங்கிய முட்டு

அதுல உக்காராதீங்க மேடம், பெயிண்டர் டப்பா, மூடியெல்லாம் ஈரம். இந்தப் பெட்டில உக்காருங்க. ஆபீஸ் ரூம்ல ஏசி இருக்குன்னு எனக்கும் தெரியும். அங்க வெச்சு விசாரிச்சா அவங்க குடுக்குற காப்பியோட சேத்து அவங்க கதையையும் குடிச்சுட்டுப் போயிடுவீங்க. காலைலயே குடிச்சாச்சா? அப்ப சரி, பாதி வேலை முடிஞ்சுது அவங்களுக்கு.

படிங்க, படிங்க. தொழிலாளியின் கவனக்குறைவு. அந்தப் பேப்பர்ல அது மூணு எடத்துல வரும், எண்ணிப் பாருங்க. நாலா? மேனேஜர் முன்னேறிட்டாரு. முப்பத்திரண்டு வருஷமா நான் பாக்காத விபத்து அறிக்கை இல்ல மேடம். கூரை இடிஞ்சு விழுந்தாலும் கவனக்குறைவுதான், கீழ நின்னவனோடது. அதுக்குன்னே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வெச்சிருப்பாங்க போல.

ஆமா, போனது மூணு விரலு. வலது கை. என் மச்சினன்தான், சம்சாரத்தோட கூடப்பொறந்த தம்பி. உங்க பேப்பர்ல இந்த ஒரு வார்த்தை நின்னுட்டா அவனுக்கு வேலையும் போச்சு, மெஷின் ஓட்டுற லைசென்சும் போச்சு. அதனால நான் அவனுக்குச் சாதகமாப் பேசுவேன்னு நெனச்சீங்கன்னா, இந்தப் படகு யார்டுல யார வேணா கேளுங்க. அவனுக்கு ஆமாஞ்சாமின்னு பேர் வெச்சதே நான்தான். சங்க நோட்டீஸ்லயே அச்சடிச்சேன். மொதலாளி இருமுனா இவன் தண்ணி எடுத்துட்டு ஓடுவான். அவரு தும்மப்போறாருன்னா கூட இவனுக்கு மூக்கு அரிக்கும்.

கொஞ்சம் எந்திரிச்சு இங்க வாங்க. இத என்னன்னு எழுதியிருக்கீங்க? எஞ்சினின் ஒரு பகுதி. நல்லாருக்கு. மனுசன் காலப் பாத்து செருப்பின் ஒரு பகுதின்னு எழுதுவீங்களா? கோவப்படாதீங்க, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காதது உங்க தப்பில்ல. நாங்க இத காலுன்னுதான் சொல்வோம். எஞ்சின் படகுக்கு உள்ள கெடக்கும். காலு பின்பக்கமா வெளிய தொங்கும், நுனியில தண்ணியத் தள்ளுற காத்தாடி. தண்ணில எறக்கிக்கலாம், வேணாம்னா தூக்கிக்கலாம், ரெண்டு பக்கமும் எண்ணெய் டியூபும் அதுல ஓடுற ராடும் இருக்கு பாருங்க. தொடுங்க, கடிக்காது. ஒரு ஆளு எடை இருக்கும்.

ரோட்ல இழுத்துட்டுப் போறப்ப இதத் தூக்கணும். இல்லேன்னா காத்தாடி தரையில தேயும். ஆனா தூக்குனா மட்டும் போதாது. ஒவ்வொரு பள்ளத்துலயும் அவ்வளவு எடையும் குதிக்கும், அந்தக் குதியத் தாங்குறதுக்கு ராடும் டியூபும் செஞ்சதில்ல. அதனால கீழ முட்டு. ஒரு முனைய டிரெய்லர் சட்டத்துல பின் போட்டு மாட்டணும். மறுமுனையில ரப்பர் வெச்ச கவை. காலு அதுல உக்காரணும், மேல பெல்ட்டப் போட்டு இறுக்கணும். இவ்வளவுதான் விஷயம். இத மேனேஜருக்குப் புரிய வெக்க ரெண்டு வருஷம் ஆச்சு.

ஷெட்ல நிறுத்துறப்பவா? நல்ல கேள்வி, அவரு கேக்காத கேள்வி. ஷெட்ல நிக்கிறப்ப காலு கீழதான் இருக்கணும். உள்ள நிக்கிற தண்ணி வடியும், படகுக்குள்ள தண்ணி வராம தடுக்குற இந்த ரப்பர் துருத்தி இழுபடாம சுருங்கிக் கெடக்கும். ஒரு வருஷம் அவரு வந்து பாத்துட்டு, எல்லாக் காலையும் ஒரே உயரத்துல தூக்கி வெச்சா வரிசையா அழகா இருக்கும்னாரு. மழைக்காலம் பூரா தூக்கியே கெடந்துது. துருத்தி மடிப்புல வெடிச்சு, ஒரு படகு எறக்குன அரை மணி நேரத்துல வயிறு முட்டத் தண்ணி குடிச்சுது. அதுக்கும் கவனக்குறைவுன்னுதான் எழுதுனாங்க. படகோடதா என்னமோ.

இந்த முட்டு சும்மா வந்ததில்ல மேடம். அதுக்கு முன்னாடி என்ன வெச்சோம் தெரியுமா? கட்டை. கெடச்ச கட்டைய வெட்டி, கயித்தப் போட்டுக் கட்டி, கும்பிட்டுட்டு இழுக்குறது. நான்தான் நோட்டீஸ் எழுதுனேன், நாலு பக்கம், கட்டை யார் தலையில் விழும்னு தலைப்பு. ஒரு பிழை இருக்காது. பத்தொம்பது நாள் கேட்டுல நின்னோம். கடைசில மொதலாளி, பல்லப் புடுங்குற மாதிரி மூஞ்சிய வெச்சுகிட்டு, ரெண்டு இரும்பு முட்டு வாங்கிப் போட்டாரு. அந்தச் செவுத்துல கொக்கியடிச்சு செவப்புப் பெயிண்ட் பூசுனது இந்தக் கைதான். ரெண்டுல ஒண்ணு போன வருஷம் வளைஞ்சு போச்சு. புதுசு கேட்டோம், பரிசீலனையில இருக்குன்னாங்க. இன்னும் பரிசீலிக்கிறாங்க. ஒண்ணுதான் மிச்சம்.

வரேன், வரேன், அந்த நாளுக்குத்தான் வரேன். பெயிண்டருங்களுக்கு மூக்குக் கவசம் கேட்டு ஒருநாள் வேலைநிறுத்தம். மொத நாளே எல்லாருக்கும் சொல்லியாச்சு. எல்லாரும் கேட்டுக்கு வெளிய. உள்ள போனது ஒரே ஆளு. யாருன்னு கேக்க வேணாம். ஏன்டா போறன்னு கேட்டா, இன்னிக்குப் படகக் கொண்டாந்து விடுறேன்னு படகு வாங்குன பார்ட்டிக்கு வாக்குக் குடுத்துட்டேன் மாமாங்குறான். வாக்காம். நூத்திச் சொச்சம் பேரு கூட்டத்துல கையத் தூக்கினோமே, அது என்ன, அக்குள் காய வெச்சதா?

பதினோரு மணிக்கு ஜீப்புல படகக் கோத்து இழுத்துட்டு வரான். நாங்க கேட்டுக்கு ரெண்டு பக்கமும். ஆமாஞ்சாமி ஆமாஞ்சாமி, அரிசிக்கு எத்தன சாமி. கோஷம் என்னோடதுதான். எல்லாம் சிரிக்குறாங்க. கேட்டுக்கிட்ட ஒரு வேகத்தடை இருக்கு, நீங்க கூட அதுல தலைய இடிச்சுகிட்டு வந்திருப்பீங்க. அதுல ஏறி எறங்குனப்ப நான் பாத்தேன், காலுக்குக் கீழ கட்டை. கயித்துல கட்டுன கட்டை சாய்ஞ்சு நிக்குது. ராடுகிட்ட டியூப் ஓரமா எண்ணெய் ஒழுகுது. அவனும் கண்ணாடில பாத்துட்டான். நிறுத்திட்டு எறங்கி வந்தான். எங்க யாரையும் நிமிந்து பாக்கல. கட்டைய நேரா வெக்க கைய உள்ள விட்டான். கட்டை உருவிகிட்டு வந்துது, டியூப் பிய்ஞ்சுது, காலு வந்து சட்டத்து மேல உக்காந்துது. நடுவுல கை.

அப்பவும் நான் பாதிக் கோஷத்துல இருந்தேன் மேடம். வாய் ஓடிக்கிட்டிருந்தது.

தண்ணி வேணாம். நீங்க கேளுங்க.

போட்டோவா? குடுங்க. கண்ணாடி போட்டுக்கிறேன். ம். மேனேஜர் எடுத்தது. மறுநாள் காலைல ஒம்பதே கால். நல்லா விழுந்திருக்கு. செவப்புக் கொக்கி, அதுல முட்டு. பாதுகாப்பு உபகரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பயன்படுத்தவில்லை. அழகா எழுதியிருக்காரு, இதுல மட்டும் பிழையே இல்ல.

அவன்கிட்டயும் கேட்டீங்களா, ஆஸ்பத்திரில? என்ன சொன்னான்?

முட்டு போட மறந்துட்டேன்னா?

மறந்துட்டேன்னா சொன்னான். அதுல கையெழுத்தும் போட்டுட்டானா? எடது கையாலயா. கோணலாத்தான் இருக்கும், ஆமா.

இந்தப் போட்டோவ நல்லாப் பாருங்க மேடம். முட்டோட கவை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு? செவுத்துப் பக்கம். இங்க எவனும் அப்படி மாட்ட மாட்டான். கவை வெளிய பாத்து இருக்கணும், ரப்பர் நசுங்கக் கூடாது, அதுவும் முட்டு வந்தப்புறம் நான் எழுதுன நோட்டீஸ்ல இருக்கு, மூணாம் பக்கம். செவுத்தப் பாத்து மாட்டியிருக்குன்னா அது இருட்டுல, பதட்டத்துல, எவனோ மாட்டுனது.

அவன் மறக்கல. அன்னிக்குப் பத்து மணிக்கு எனக்குப் போன் பண்ணுனான். மாமா, கொக்கி காலியா இருக்கு, முட்டு எங்கன்னு கேட்டான். நான் சொன்னேன், அது சங்கம் பத்தொம்பது நாள் நின்னு வாங்குனது, கருங்காலிக்குக் குடுக்குறதுக்கு இல்ல, உன் மொதலாளியப் போயி முட்டுக் குடுக்கச் சொல்லுன்னேன். வெச்சுட்டேன். என் போன்ல இருக்கும், பாத்துக்குங்க. ஒண்ணேகால் நிமிஷம். அதுல முக்காவாசி நான் பேசுனது.

அது என் வீட்டுல இருந்துது மேடம். கட்டிலுக்கு அடியில. மிச்சமான நோட்டீஸ்ல சுத்தி வெச்சிருந்தேன். கட்டை யார் தலையில் விழும், அதே நோட்டீஸ்தான். என் சம்சாரம் தெனம் அங்க பெருக்குறவ. அன்னிக்குக் காலைலயும் வெளக்குமாத்தால அதச் சுத்திப் பெருக்குனா. என்னன்னு கேக்கல. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி நான் அத எடுத்துட்டுப் போயி மாட்டிட்டு வந்தேன், அப்பவும் கேக்கல. பதினாறு நாளாச்சு. சோறு போடுறா, ஆஸ்பத்திரிக்குப் போறா, வரா. தம்பி எப்படி இருக்கான்னு நான் கேட்டா, போயிப் பாருங்குறா.

ஏன் எழுதாம பாத்துகிட்டிருக்கீங்க? எழுதுங்க. அன்னைக்குக் கொக்கி காலி. எடுத்தவன் சங்கச் செயலாளர், அதாவது நான். அவன் பேருக்கு நேரா இருக்குறத அடிங்க. நாலு எடத்துலயும். மேனேஜர் தங்கப் பல்லு தெரியச் சிரிப்பாரு, சிரிக்கட்டும், எனக்குப் பதிலா ஒரு முட்டு வாங்குறாரான்னு பாப்போம்.

பேனா இருக்கு, இதுலயே கையெழுத்துப் போடுறேன். ஒண்ணே ஒண்ணு. என் பேருக்கு நேராக் கவனக்குறைவுன்னு மட்டும் எழுதிடாதீங்க மேடம். ரொம்பக் கவனமாத்தான் எடுத்துட்டுப் போனேன்.