கூண்டில் மூன்றாவது வரிசை

— அப்படியே நில்லுங்க அங்கிள், ஒரு போட்டோ. பின்னால மலை, முன்னால நீங்க. நியூசிலாந்துக்காரி நானே இன்னிக்குக் கருப்பு போடல, நீங்க எங்க டீம் கருப்புச் சட்டைல நிக்கறீங்க!

— உனக்காகத்தான். ஒருத்தி அந்த ஊர்லேருந்து வரான்னு ஆபீஸ்ல நேத்தே சொல்லிட்டாங்க. பேரு என்ன மவளே?

— மெரே. டர்பன், பிரிட்டோரியான்னு உங்க தென்னாப்பிரிக்கா ரக்பி மைதானம் ஒவ்வொண்ணா பாத்து எழுதிட்டு வரேன். கேப்டவுன்தான் கடைசி.

— எங்களுக்கும் இதுதான் கடைசி. அடுத்த மாசம் இடிக்கிறாங்க. நாப்பது வருஷமா இந்த கேட்ல நிக்கறவன் நான், எம்பேரு தோயர். இடிக்க வர்ற வண்டிக்கும் நாந்தான் தெறந்து விடணுமாம்! இந்தா, கூசிஸ்டர், எங்க ஊர்ப் பாகுப் பணியாரம், சாப்பிடு. பாகு கையில ஒட்டும், பாத்துக்க.

— கோல் கம்பத்துக்குப் பின்னால அங்க மட்டும் ஏன் வெறும் பலகை? மத்த எடமெல்லாம் நாற்காலி போட்டிருக்கே?

— அதான் கூண்டு. நிறவெறி ஆட்சில வெள்ளைக்காரன் இல்லாதவன் எல்லாம் அதுக்குள்ள, சுத்தி கம்பி வேலி. எழுபதாம் வருஷம் உங்க ஆளுங்க ஆட வந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. மூணாவது வரிசைல நின்னு தொண்ட கிழிய உங்களுக்குத்தான் கத்துனோம். எங்கள அடைச்சு வெச்சவன் தோக்கணுமா இல்லையா?

— சரி, வேலியெல்லாம் போனப்புறம்?

— அப்பவும் உங்களுக்குத்தான். ஊரே நாட்டு டீமோட பச்சைச் சட்டைக்கு மாறுச்சு. நான் கருப்பக் கழட்டல. வீம்பு மவளே. வேற என்ன சொல்ல?

— வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலியா?

— வீட்டுலதானே வெனையே! எம்மவன் இக்ஷான். பன்னண்டு வருஷம் முன்னால அவன நாட்டு டீம்ல எடுத்தாங்க. மொத ஆட்டமே இங்க, உங்களோட. நடு ஸ்டாண்டுல எனக்கு டிக்கெட் போட்டுக் குடுத்தான். அவன் நம்பர் பதினாலு போட்ட பச்சைச் சட்டையும் குடுத்தான். ‘வாப்பா, ஒரே ஒரு நாள் இதப் போட்டுக்கங்க’ன்னான்.

— போட்டுக்கிட்டீங்களா?

— கருப்பப் போட்டுக்கிட்டு நேரா கூண்டுல போய் உக்காந்தேன். அந்த மூலைல கொடி நிக்குது பாரு, அங்க வந்து விழுந்து பந்த வெச்சான். ட்ரை! அஞ்சு பாயிண்ட்! எழுந்ததும் மொதல்ல என்னத்தான் பாத்தான். பத்தடி தூரம். நான் கை தட்டல.

— ஐயோ, அங்கிள்.

— இன்னும் கேளு. அடுத்து உங்காளு ஒருத்தன் ட்ரை போட்டான். துள்ளிக் குதிச்சேன். வேணும்னு இல்ல, கால் தானா எழுந்துக்கிச்சு. அவன் அதையும் பாத்தான். மறு வருஷமே பொண்டாட்டி புள்ளையோட உங்க ஊருக்குக் கெளம்பிட்டான். ‘உங்களுக்குப் பிடிச்ச நாட்டுக்குத்தான் போறேன், சந்தோஷமா இருங்க வாப்பா’ன்னான். பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு போன் கெடையாது. பாவி நான், ஒரு கைதட்டு குடுத்திருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பேன்? என்ன மவளே, போனையே பாக்கற? கெழவன் பேச்சு அலுத்துப்போச்சா?

— இல்ல அங்கிள்... உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். எங்க ஊரு டனீடின்ல இக்ஷான் எங்க பக்கத்து வீடு. இங்க வரேன்னதும் உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாரு.

— எம்மவனா? எனக்கா? குடு. எங்க, குடு மவளே!

— அதக் குடுக்கறதுக்கு முன்னால உங்க போட்டோ ஒண்ணு அனுப்பச் சொன்னாரு. பாத்துட்டுச் சொல்றேன்னாரு. கேட்ல எடுத்தேன்ல, அப்பவே அனுப்பிட்டேன். இப்பதான் பதில் வந்துச்சு.

— என்னவாம்?

— ‘இன்னும் அதே சட்டை. கடுதாசியத் திருப்பிக் கொண்டு வந்துடு.’

— பதினோரு வருஷமா சனிக்கிழமை தவறாம அந்தப் பதினாலாம் நம்பர் பச்சையத்தான் போட்டுக்கிட்டு கூண்டுல வந்து உக்கார்றேன் மவளே. எம்மவன் சோறு திங்கற நாட்டுலேருந்து விருந்தாளி வருதேன்னு இன்னிக்கு ஒரு நாள்தான் பெட்டியத் தெறந்து இந்தக் கருப்ப எடுத்து மாட்டுனேன்.