இடது பக்கத்து வீல்

குனிஞ்சே பாருங்க தம்பி, கூச்சப்படாதீங்க. கார் வாங்க வர்றவங்க முதல்ல இன்ஜினத் திறப்பாங்க, நீங்க என்னடான்னா வீலப் பாத்து அசந்து நிக்கிறீங்க. பின்ன? எங்க வீட்டு விஞ்ஞானி கைவேலையாச்சே. ஆமா, என் வீட்டுக்காரர்தான். கடையில குடுத்தா ஒரே நாள்ல முடிச்சிருவாங்க. அப்புறம் இவரு பெருமைய எங்க போய்க் கொட்டுறது?

வீலக் கழட்டிக் கொண்டாந்து நடு ஹால்ல போட்டாரு. ஹால்ல நான் கால் நீட்டுனா குத்தம், வீல் படுத்துக்கலாம். உப்புத்தாள வச்சுத் தேய்க்கிறாரு தேய்க்கிறாரு, அப்படித் தேய்க்கிறாரு. ஒரு நாள், ஒரே ஒரு பாத்திரத்த அந்த மாதிரி தேச்சிருந்தா இவருக்குக் கோயிலே கட்டியிருப்பேன். அப்புறம் கீறல்ல பட்டி பூசி, காய வச்சு, மறுபடியும் தேச்சு, அதுக்கு மேல பெயிண்ட். டயர்ல பட்டுறக் கூடாதுன்னு விளிம்பச் சுத்தி சீட்டுக்கட்ட வரிசையா சொருகி வச்சாரு. ராஜா ராணியெல்லாம் வெள்ளி பூசிக்கிட்டு நின்னுச்சு. சீட்டாட வந்த கூட்டாளிங்க வாசலோட திரும்பிட்டாங்க. இந்தக் கூத்துல எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் அதுதான்.

என்ன, இடது பக்கம் ரெண்டு மட்டும் ஏன் இப்படி மின்னுதுன்னா? கெட்டிக்காரர்தான் நீங்க. ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் அவர் மேல ஆசை தம்பி, வண்டியக் கண்டா எழுந்து வந்து உரசுது. முதல் தடவ நடைபாதை கட்டுனவன் சரியில்லன்னாரு. அடுத்த தடவ நான் பக்கத்துல உக்காந்து பேசுனதாலயாம். இருபது வருஷமா பேசிக்கிட்டுத்தான் வர்றேன், இப்பத்தான் வீல் வரைக்கும் கேட்டிருக்கு.

ஆக்சிடென்ட்டா? சேச்சே, இல்லங்க.

இன்னும் இல்ல.

நீங்க விடமாட்டீங்க போல. சரி, சொல்றேன். ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவ வீல்ல இடிக்கிற மாதிரி கிட்டக்க வச்சு அடிச்சாரு. வழிஞ்சு ஓடுது, அவரு பாட்டுக்கு எப்படி வந்திருக்கு பாருன்றாரு. டீய நீட்டுனா டம்ளருக்குப் பக்கத்துல காத்தப் புடிக்கிறாரு. அவருக்கு இடது பக்கமா போய் நின்னேன். ஆள் நிக்கிறதே தெரியல. அந்தக் கண்ணுல பார்வையே இல்ல தம்பி. கேட்டா தூசி விழுந்திருச்சுன்னாரு, அதோட பேச்ச மாத்திட்டாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. மத்தியானம் அவர் தூங்குனப்ப வழிஞ்ச பெயிண்ட்டையெல்லாம் தேச்செடுத்து மறுபடி அடிச்சது நான்தான். நீங்க அசந்து நின்னீங்களே, அது என் வேலை.

எங்க சின்னவளுக்கு ஸ்கூல் வேன் நின்னுபோச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து நானே கொண்டுபோய் விடுறேன்னு அவகிட்ட சொல்லிட்டாரு. அவ எந்தப் பக்கம் உக்காருவா, சொல்லுங்க? எனக்குத் தூக்கமே இல்ல தம்பி. ஓட்டாதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லவும் வாய் வரல.

வண்டி என் பேர்லதான் இருக்கு, விக்கப் போறது அவருக்கு இன்னும் தெரியாது. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க. இந்த வீலப் பாத்தா எவனும் வண்டியக் குடுன்னு நிப்பான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அந்த எவன் நீங்களா இருந்துட்டுப் போங்களேன். வீலுக்காகத்தான் வாங்குறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மனுஷன் குளுந்துருவாரு.

கேட் சத்தம் கேக்குது, அவர்தான். இந்தப் பக்கம் வந்துருங்க தம்பி. அவருக்கு வலது பக்கமா நின்னு சொல்லுங்க.