அப்போதிக்கரி ஐயா விழுந்த சனிக்கிழமை

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் ஏரம்பு அவர்களே, மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே, உடையார்கட்டு வயல்களை விட்டு வந்திருக்கும் குடியேற்றத்திட்டத்து மக்களே, முல்லைத்தீவுக் கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அன்னபாக்கியம் அக்கா அவர்களே, வணக்கம்.

ஐயாவின் மனைவி எப்படி அக்கா ஆனார் என்று கேட்காதீர்கள். ‘அம்மா’ என்று கூப்பிட்டவனுக்கு அவர் கோப்பி கொடுத்ததில்லை!

ஐயா நடத்திய முதலுதவிப் படையின் மாணவர் தலைவன் என்பதால் இந்த நினைவுக் கூட்டத்தில் என்னை ஐந்து நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். “சின்னராசா, பகிடி விடாதை” என்று அதிபர் இரண்டு தரம் சொல்லித்தான் மேடையில் ஏற்றினார். விடமாட்டேன் ஐயா. இதுவரை விட்ட பகிடியே போதும்.

எங்கள் மருந்துச்சாலை அப்போதிக்கரி கதிர்காமநாதன் யார்? இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, சேற்றிலும் புழுதியிலும் வீடுவீடாகப் போன மனிதர் அல்லவா! அழுத்தம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு அழுத்தந்திருத்தமாகச் சொல்லித் தந்தவர் அல்லவா!

பரமலிங்கத்தாரின் அழுத்தம் இருநூறைத் தாண்டிய நாளில் ஐயா சொன்னார்: “கருவாடும் வேண்டாம், சுருட்டும் வேண்டாம்.”

“அப்ப நான் உயிரோட இருந்து என்ன செய்யிறது, டொக்டர்?”

“நான் டொக்டர் இல்லை, அப்போதிக்கரி. உயிரோட இருந்தா என்னை ஏசலாம்.”

பரமலிங்கத்தார் இன்றைக்கும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறார். ஏச்சு வாங்க வேண்டியவர்தான் இல்லை.

பாரிசவாதம் வந்தால் ‘காத்துப் பட்டிட்டுது’ என்று பூசாரியிடம் கழிப்புக் கழிக்க ஓடிய ஊர் இது. அந்த ஊரைப் பிடித்து இருத்தி வைத்து ஐயா பாடம் நடத்தினார். “மூளைக்கு இரத்தம் போற குழாயும் எங்கட வாய்க்காலும் ஒண்டுதான். அடைச்சாலும் வயல் சாகும், உடைச்சாலும் சாகும்.” இரத்தம் கட்டிபட்டு அடைப்பது ஒரு வகை. அழுத்தம் தாங்காமல் வெடித்து மூளைக்குள்ளே இரத்தம் கசிவது இன்னொரு வகை. மூன்றாவதும் ஒன்றுண்டு. வாய் கோணும், கை சோரும், அரைமணியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். “அதுக்குப் பொங்கல் வைக்காதேங்கோ. பெரிசு வரப்போகுது எண்டு அது அறிவிச்சிட்டுப் போகுது” என்பார்.

இடது மூளையில் அடைத்தால் வலது கையும் போகும், வார்த்தையும் போகும் என்றார். மருந்து? அந்த அடைப்பை எடுக்கும் மருந்து இந்த 1965ஆம் ஆண்டிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை என்பதை அவர் எங்களுக்கு ஒளிக்கவில்லை. எங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். சரித்துப் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். பிறகு, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்ட வேண்டும், சோர்ந்த கையை நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், விழுந்த ஆளின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது! தொண்டையும் சோர்ந்திருக்கும், குடிப்பது வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குப் போய்விடும் என்று நூறு தரம் சொன்னார். ஆனால் மயங்கினவருக்கு ஒரு வாய் கோப்பி கொடுக்காவிட்டால் எங்கள் சனத்துக்குக் கை பொறுக்குமா?

அதற்காகத்தான் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் மருந்துச்சாலை விறாந்தையில் பயிற்சி நடந்தது. நோயாளி நான். வாயைக் கோணிக்கொண்டு விழுவேன். அக்கா கோப்பி கொண்டுவருவார். இடது கையால் நான் அதைத் தள்ளிவிட வேண்டும். அதுதான் ஐயா சொல்லித் தந்த பாடம். நான் என்ன செய்தேன்? தள்ளுவதுபோலக் கையைத் தூக்கி, கோப்பையைப் பறித்துக் குடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். அடுத்த மாதமும் குடித்தேன். அதற்கடுத்த மாதமும் குடித்தேன். பாடத்தை விட்டுப் பகிடியைப் பழக்கினேன்.

இனி நான் சொல்லப்போவது இந்த ஊருக்குத் தெரியாதது.

மாசி மாதச் சனிக்கிழமை காலை. படையில் ஐந்து பேர் விறாந்தையின் நீட்டு வாங்கில் இருந்தோம். ஐயா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். கையிலிருந்த சோக்கு விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் சுவரோடு சரிந்து இருந்துவிட்டார். வாய் இடப்பக்கம் இழுபட்டது. ஏதோ சொன்னார், அது சொல்லாக வரவில்லை.

“எடேய், ஐயா இண்டைக்கு உன்ர பாகத்தைப் பறிச்சிட்டார்!” என்றான் யோசெப்.

“என்னைவிடத் திறமடா!” என்று கை தட்டினேன். முதலில் தட்டியவன் நான்தான்.

குசினியிலிருந்து அக்கா கோப்பியோடு வந்தார். “என்ன, இண்டைக்கு இவரோ நோயாளி?”

“ஓம் அக்கா, நடிப்புத்தான். குடுங்கோ, குடுங்கோ!”

சொன்னது யார்? நான்! ஐயா இடது கையைத் தூக்கித் தள்ளினார். உண்மையாகவே தள்ளினார். “பாருங்கோ, சின்னராசா மாதிரியே பறிக்கிறார்” என்று சிரித்தபடி அக்கா கோப்பையை அவர் வாயில் வைத்தார். ஒரு மிடறு. இரண்டு மிடறு. மூன்றாவது மூக்கால் வந்தது. முகம் நீலம் பாரித்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் கைதட்டல் நின்றது.

நெல் லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்த டொக்டர், “இரத்தம் கலக்கேல்லை. அடைப்பாத்தான் இருக்கும்” என்றார். கோப்பியோ சுவாசப்பைக்குப் போயிருந்தது. காய்ச்சல் ஏறியது. பென்சிலினும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் ஐயா போய்விட்டார்.

“கோப்பி குடுக்காட்டித் தப்பியிருப்பாரோ?” என்று கேட்டேன்.

“தெரியாது, தம்பி” என்றார் டொக்டர். அந்தக் கேள்விக்கு இனி வேறு மறுமொழி இல்லை.

ஆனால் ஊரிடம் மறுமொழி இருந்தது! “பெண்சாதியே ஊத்திச் சாக்காட்டிப்போட்டாள்” என்று கிணற்றடியில் சொன்னார்கள். சங்கக்கடையில் சொன்னார்கள். அக்கா மறுத்து ஒரு சொல் சொன்னாரா? இல்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் என் கையைப் பிடித்து, “நீ ஒண்டும் கதைக்காதை, ராசா. உனக்குப் பள்ளிக்கூடத்துச் சோதனை வருகுது” என்று மட்டும் சொன்னார். நானும் ஒரு மாதமாகக் கதைக்கவில்லை. வாயாடிக்கு வாய் வேண்டிய நேரத்தில் வரவில்லை.

ஏரம்பு ஐயா, மணியை அடிக்காதேங்கோ. முடிக்கிறன்.

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது இத்தகைய கூட்டங்களின் வழக்கம். நானும் கூறுகிறேன். சனிக்கிழமை வகுப்பு நடக்கும். பயிற்சி பெற்ற ஐந்து பேர் இருந்து கைதட்டிய இடத்தில் இனிப் பயிற்சி எவரைக் காப்பாற்றும்? எனக்குத் தெரியாது. நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் நடத்துவேன்.

அக்கா திங்கட்கிழமை மாங்குளத்தில் ரயிலேறுகிறார். திரும்பி வரமாட்டார். பழி என்னுடையது என்று உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரு சொல் சொல்ல விரும்புகிறவர்கள் இப்போது எழுந்து சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

ஒருவருமில்லையா?

பின்னால் வாங்கு அரக்குகிற சத்தம் கேட்கிறது. எழும்பியவர்கள் வாசல் பக்கம்தான் போகிறார்கள். நீங்கள் எழும்பாதேங்கோ, அக்கா. போறவை போகட்டும். உங்களுக்குப் பக்கத்துக் கதிரை இரண்டும் வெறுமையாத்தானே கிடக்குது.

நான் இறங்கி வாறன்.