கண் மூடிய நாற்பத்துமூன்று படங்கள்

— "இந்தப் பாறைகிட்ட நில்லு, ஒரே ஒரு படம்"னீங்க. "அருவி எங்கயும் போயிடாது, கண்ணு எரியுது, அப்புறம் எடுத்துக்கலாம்"னேன். "அருவி இருக்கும், வெளிச்சம் போயிடும்"னீங்க. ஞாபகம் இருக்கா?

— இருக்கு. நீ செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்ன.

— அந்தப் படம் எங்க?

— இதுலதான்... எங்கயாவது வரும்.

— நம்ம டூர் படம் எழுபத்தஞ்சும் ஓடி முடிஞ்சாச்சு. உங்க அண்ணன் அருவி வந்துச்சு. அண்ணி அருவி வந்துச்சு. அத்தை குடை பிடிச்ச அருவி. அண்ணன் பொண்ணுங்க ரெண்டும் நாக்கை நீட்டற அருவி, அது மூணு தடவை. நான் நின்ன அருவியைக் காணோம்.

— நீ இருக்கியே, படகுல.

— அது என் முதுகு.

— பூங்கா வாசல்ல?

— அது என் கை. பை பிடிச்சிருக்கு பாருங்க, அந்தக் கை.

— ம்... அது வந்து... நீ தப்பா எடுத்துக்காத.

— எடுத்துக்க என்ன இருக்கு? சொல்லுங்க.

— ஸ்டுடியோ பழக்கம். ஒரு கல்யாணம்னா ரெண்டாயிரம் படம் வரும். மொதல் சுத்துல கண்ணு மூடினதை எல்லாம் கழிச்சிடணும். அடுத்தது, டெலீட், அடுத்தது, டெலீட்... கண்ணு மூடியிருந்தா விரல் தானா அழுத்திடும். மூஞ்சி யாருதுன்னு பாக்கறதில்ல.

— யாருதுன்னு பாக்கறதில்ல.

— இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— சொல்லிட்டீங்க. விடுங்க. நானும் அப்படித்தான். லேப்ல காலைல ஆறு மணிக்கு வரிசையா கை நீட்டுவாங்க. நரம்பைத்தான் பாப்பேன். ஒரு நாள் உங்க அண்ணிக்கே ரத்தம் எடுத்துட்டு, "அடுத்தவங்க வாங்க"ன்னேன்.

— அதை அவங்க இன்னும் சொல்லிக் காட்டறாங்க.

— காட்டட்டும். ஊசி குத்தினது வலிக்கலன்னு ஒரு நாளாவது சொன்னாங்களா?

— கோவமா உனக்கு?

— கோவப்படறதுக்கும் தெம்பு வேணும்ல. மணி நாலாகப் போகுது. அஞ்சு மணிக்கு அண்ணன், அண்ணி, பொண்ணுங்க எல்லாரும் கடையிலேருந்து வந்துடுவாங்க, அத்தையும் பக்கத்து வீட்டுலேருந்து வந்துடுவாங்க. டிவியில போட்டுப் பாக்கணும், சொந்தக்காரங்க குரூப்புக்கு அனுப்பணும்னு அண்ணன் காலைலேயே சொல்லிட்டுப் போனாரு. வீடியோவா இருக்கணுமாம், சும்மா படம் படமா வரக் கூடாதாம். அலை அசையணுமாம், மேகம் நகரணுமாம்.

— அலை அசையுது. மேகம் நகருது. அம்மா குடையில பூ விழுது. வாரம் பூரா அடுத்தவன் கல்யாணத்துக்குப் பூ தூவிட்டு, ஞாயித்துக்கிழமை குடும்பத்துக்குத் தூவறேன்.

— எல்லாம் அசையுது. நான் மட்டும்தான் இல்ல.

— இரு. குப்பைத்தொட்டில இருக்கும்.

— நல்ல இடம்.

— ஐயோ, லேப்டாப்ல அதுக்குப் பேரே அதுதான். இரு... இதோ. நாப்பத்துமூணு.

— என்னது?

— கண்ணு மூடின படம். மொத்தம் நாப்பத்தாறு. அண்ணிக்கு ரெண்டு, அம்மாவுக்கு ஒண்ணு. மீதி எல்லாம்...

— நான்.

— ஆமா.

— நாப்பத்துமூணா? உலக சாதனையா இருக்கும் போலிருக்கே. ஓட்டுங்க, பாக்கலாம்.

— ஒண்ணொண்ணாவா?

— அண்ணன் கேட்ட மாதிரிதான். அசையட்டும்.

— சரி... வரிசையா வெக்கறேன். ஒரு படத்துக்கு அரை செகண்ட். இப்பப் பாரு.

— அட... நான் ஆடறேன் பாருங்க. தலை இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் வருது.

— பஸ் ஸ்டாண்ட் தூண் மேல சாயற. அடுத்து சாப்பாட்டுக் கடை சுவர். அடுத்து படகுக் கம்பி.

— இது என்ன, நின்னுக்கிட்டேவா?

— நின்னுக்கிட்டேதான். டிக்கெட் வரிசையில. பின்னாடி ஒரு ஆளு உன்னையே பாத்துச் சிரிக்கறான்.

— வேன்ல பாருங்க. இந்தத் தோள்ல பெரியவ, அந்தத் தோள்ல சின்னவ. ரெண்டும் நல்லாத் தூங்குதுங்க. நடுவுல நான் தலையணை மாதிரி... தலையணைக்கும் கண்ணு மூடிடுச்சு.

— இன்னொரு தடவை ஓட்டவா?

— வேண்டாம்.

— ஏன், சிரிச்சியே.

— மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. போதும்.

— ஆறு நாள்லயும் இப்படியா இருந்த? எனக்கு ஏன் தெரியல?

— நீங்க கேமரா வழியாப் பாத்தீங்க. அதுல பின்னாடி மலை இருந்துச்சு.

— அந்த விடுதியில கட்டில் சரியில்லையா?

— கட்டில் நல்ல கட்டில்தான். ஆம்பளைங்களுக்கு ஒரு ரூம், பொம்பளைங்களுக்கு ஒரு ரூம்னு அண்ணன் பிரிச்சாரு. உங்க ரூம்ல ரெண்டு பேரு. எங்க ரூம்ல அஞ்சு பேரு. அத்தைக்கு ஜன்னல் மூடணும், அண்ணிக்கு ஜன்னல் திறக்கணும். நான் ஜன்னலோரம் படுத்திருந்தேன். மூடறதும் திறக்கறதும் என் வேலை.

— நான் அண்ணன்கிட்ட வேற மாதிரி கேட்டிருக்கலாம்.

— என்னன்னு?

— மூணு ரூமா எடுக்கலாமேன்னு.

— கேட்டீங்களா?

— வாய் வரைக்கும் வந்துச்சு.

— வாய் வரைக்கும் வர்றதெல்லாம் நம்ம வீட்டுல வாயோட நின்னுடும்.

— இரு, ஒரு யோசனை. மூடின கண்ணைத் திறக்க வழி இருக்கு. கல்யாண வீட்டுக்காரங்களுக்குச் செய்யறதுதான். நீ கண்ணு திறந்த பழைய படம் ஒண்ணை எடுத்து, அந்தக் கண்ணை இதுல ஒட்டிடலாம். நம்ம கல்யாண ஆல்பம் இதுலயே இருக்கு.

— ஒன்பது வருஷத்துப் பழைய கண்ணு.

— யாருக்குத் தெரியப் போகுது? பாரு... அருவிகிட்ட நீ. இதோ இந்தக் கண்ணு... கொஞ்சம் சின்னதாக்கினா... எப்படி?

— இது யாரு?

— நீதான்.

— நான் இல்ல. இவ நல்லாத் தூங்கி எழுந்தவ. என் மூஞ்சியில வேற யாரோ உக்காந்து பாக்கற மாதிரி இருக்கு. எடுத்துடுங்க.

— நல்லாத்தானே இருக்கு.

— எடுத்துடுங்கன்னேன்ல.

— எடுத்துட்டேன்... நீ சொல்றது சரிதான். மூடின கண்ணுதான் உன் மூஞ்சிக்குப் பொருந்துது.

— பாராட்டா?

— இல்ல. வருத்தம்.

— ம்.

— வீட்டுல நம்ம ரூமை நான்தானே அண்ணன் பொண்ணுங்களுக்குத் தூக்கிக் குடுத்தேன்.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— இப்ப பேசாம எப்பப் பேசறது? அவங்க எல்லாரும் கட்டில் கடையிலதான் நிக்கறாங்க. பொண்ணுங்களுக்கு வாங்கற அந்த அடுக்குக் கட்டில் ஒரு தடவை உள்ள வந்துட்டா, நம்ம ரூம் அவ்வளவுதான். ஸ்க்ரூ போட்டுச் சுவரோட இறுக்கிடுவாங்க.

— நீங்க குடுத்தப்போ ஒரு மாசம்னுதான் சொன்னீங்க. பெரியவளுக்குப் பத்தாவது பரீட்சை, அத்தை ரூம்ல படிச்சா குறட்டைச் சத்தம், அதனால ஒரு மாசம். சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்திருக்கும்போது சொன்னீங்க. நான் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன். டம்ளர் வழிஞ்சுது. அத்தை, "பாத்து ஊத்தும்மா"ன்னாங்க.

— உன்னைக் கேட்டிருக்கணும்.

— கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு மாசம்தானே. அப்புறம் பதினொண்ணாவது வந்துச்சு. பன்னெண்டாவது வந்துச்சு. இப்ப காலேஜ் வரப் போகுது. காலேஜ் மூணு வருஷம்.

— நாம ஹால்ல படுக்கணும்னா, அண்ணனோட செய்தி முடிஞ்சு டிவி நிக்கணும். காலைல நாலரைக்கு அம்மா சமையல்கட்டு லைட் போடுவாங்க. நடுவுல நீ என்னதான் தூங்குவ?

— அந்த நேரத்தையும் வீட்டோட பங்கு போட்டுக்கணும். உங்க கை என் மேல படும். யாரோ தண்ணி குடிக்க வருவாங்க. கை போயிடும்.

— ...நான் பேசவா, அண்ணன்கிட்ட?

— ரெண்டரை வருஷமா இதைக் கேக்கறீங்க.

— இல்ல, நெஜமா. ஆனா... உனக்கு உடம்புக்கு முடியலன்னு சொல்லிக் கேட்டா நல்லா இருக்கும்.

— எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு. பொய் எதுக்கு?

— ரூம் வேணும்னு நான் மொட்டையாக் கேட்டா அண்ணி சிரிப்பாங்க. எதுக்கு வேணும்னு எல்லாருக்கும்... புரியும்ல.

— புரிஞ்சா என்ன? கல்யாணம் ஆனவங்கதானே.

— கூச்சமா இருக்கு. நீ கேளேன்.

— நானா? நீங்க கேட்டா சிரிப்பாங்க. மருமக கேட்டா சிரிக்க மாட்டாங்க. அதுதான் பயமே.

— அப்போ யாருதான் கேக்கறது?

— ஷ்... அத்தை வர்றாங்க. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தின சத்தம்.

— அம்மா, வாங்க. இப்படி உக்காருங்க.

— என்னடா சின்னவனே, முடிஞ்சுதா உன் படம்? நாலு தடவை எழுந்து எழுந்து பாத்துட்டேன். பக்கத்து வீட்டம்மாவும் தனக்கு அனுப்பச் சொல்றா.

— முடியப் போகுதும்மா. கொஞ்சம் படம் சேக்கறேன்.

— குடுடா, பாக்கறேன். இது எது, அருவியா... ஏம்மா, நீ ஏன் கண்ணை மூடிக்கிட்டே இருக்க? இதுலயும் மூடியிருக்க. இதுலயும்.

— தூக்கம் அத்தை.

— எல்லாத்துலயுமா? டேய், இதையெல்லாம் எடுத்துடுடா. சொந்தக்காரங்க பாத்தா, இந்த வீட்டுல மருமகளைத் தூங்க விடறதில்ல போலிருக்குன்னு பேசுவாங்க.

— எடுத்தாச்சும்மா. எடுத்துட்டுப் பாத்தா இவ எந்தப் படத்துலயும் இல்ல. அதான் திரும்பச் சேக்கறேன். இருக்கட்டும்.

— என்னமோ போ. இங்க பாரு, அதுக்கு வரல நான். பெரியவன் கடையிலேருந்து ஃபோன் பண்ணினான். கட்டில் பிடிச்சிருக்காம். மேல ஒருத்தி, கீழ ஒருத்தி, கீழ புஸ்தகம் வெக்கத் தட்டு. நாளைக்கே கொண்டு வந்து மாட்டிடுவாங்களாம். "அவங்க ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லும்மா"ன்னான். கடைக்காரன் காத்துக்கிட்டிருக்கான்.

— அண்ணன் கேக்கச் சொன்னாரா?

— அவன் எப்பவும் கேப்பான். நீதான் எதுக்கும் தலையை ஆட்டுவ. என்ன சொல்ற?

— அது வந்தும்மா... கட்டில் நல்ல கட்டில்தான்... ஆனா...

— ஆனா என்ன? இழுக்காதடா. கடையில அத்தனை பேரும் நின்னுக்கிட்டிருக்காங்க.

— இல்லம்மா... ரூம் சின்னதாச்சே. அடங்குமான்னு...

— அளந்துதான் போயிருக்காங்க. சரி, நீ இரு. அவளைக் கேக்கறேன். நீ சொல்லும்மா. உங்க துணிமணி பீரோ மட்டும் அங்கேயே இருக்கட்டும், அதை யாரும் தொட மாட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் பகல் பூரா வேலைக்குப் போறீங்க. அதுலயும் நீ சனிக்கிழமைகூட லேப்ல ஓவர்டைம்னு நின்னுட்டு, விளக்கு வெச்சப்புறம்தான் வர்ற. ராத்திரி தலை சாய்க்கற நேரம்தானே, ஹாலா இருந்தா என்ன? சரின்னு சொல்லிடட்டுமா?

— சரி அத்...

— சரிதானே? இரு, ஃபோன் எங்க வெச்சேன்...

— அத்தை.

— என்னம்மா?

— ஃபோன் பண்ணாதீங்க. ஒரு நிமிஷம்.

— ஏய்... நான் சொல்றேன், நீ விடு...

— நீங்க சொல்ல மாட்டீங்க. நானே சொல்றேன்.

— என்னடா ரெண்டு பேரும்? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது உனக்கு? உக்காரும்மா. என்ன விஷயம்?

— எங்க லேப்ல சனிக்கிழமை ஓவர்டைமே கிடையாது அத்தை. ஒரு மணிக்குப் பூட்டிடுவாங்க. நான் இவரு ஸ்டுடியோவுக்குப் போயிடுவேன். பின்னாடி ரூம்ல ஒரு பழைய சோபா இருக்கு, அதுல விளக்கு வெக்கற வரைக்கும் தூங்குவேன். யாரும் உள்ள வராம இவரு வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்து வேலை பாப்பாரு. சில நாள் நாற்காலியை எடுத்துட்டுக் கதவைச் சாத்திட்டு உள்ள வந்து பேசிக்கிட்டிருப்பாரு. ரெண்டு வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டுத்தான் போயிட்டு வர்றோம்... கட்டில் வேண்டாம்னு சொல்லிடுங்க அத்தை. எங்க ரூம் எங்களுக்கு வேணும்.