சொட்டு விழாத ஃபில்டர்

— அதாவது மாப்ளே, போன வாரம் நீங்க தேய்ச்சுக் கொடுத்துட்டுப் போனதுல இருந்து இந்த ஃபில்டர் எங்களோட பேச்சுவார்த்தையே வச்சுக்கறதில்ல. குழாயைத் திறந்தா காத்துதான் வருது.

— காத்தா? நான் கிளம்பும்போது நல்லா சொட்டிச்சே மாமா. நீங்ககூட கீழ் பாத்திரத்துல காதை வச்சுக் கேட்டீங்க.

— கேட்டேன். நீங்க லிஃப்ட்ல இறங்கற வரைக்கும் சொட்டிச்சு. உங்களுக்கு மரியாதை கொடுத்திருக்கு. அப்புறம் ஸ்டிரைக். நானும் உங்க வீட்டுக்காரியும் தண்ணியைக் கொதிக்க வச்சு, அது ஆறறதுக்குள்ள தாகம் தாங்காம குடிச்சு, நாக்கைச் சுட்டுக்கிட்டு இருக்கோம்.

— அவ எப்படி இருக்கா மாமா?

— நாக்குக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் பேசறா. உங்களைப் பத்தி மட்டும்தான் பேசறதில்ல.

— வீட்ல இருக்காளா?

— இல்ல. வெளியில போயிருக்கா.

— செருப்பு வாசல்ல கிடக்கே.

— வெறுங்காலோட போயிருக்கா. உடம்புக்கு நல்லதாம்.

— கைப்பை நாற்காலியில தொங்குது. கண்ணாடி மேஜை மேல இருக்கு. கண்ணாடி போடலன்னா எதிர்ல வர்றது பஸ்ஸா மனுஷனான்னு அவளுக்குத் தெரியாது. அந்த லென்ஸை உட்கார்ந்து தேய்ச்சுக் கொடுத்தவன் நான்.

— நீங்க கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறீங்க மாப்ளே, போலீஸ்ல இல்ல. சட்டைக் கையை மடிச்சு விடுங்க. மேல் பாத்திரத்தைத் தூக்குங்க.

— சரி சரி. அவ வெறுங்காலோட, கண்ணாடி இல்லாம, அந்த ரூம் கதவுக்குப் பின்னாடி எங்கேயோ வெளியூர் போயிருக்கா. புரிஞ்சுது.

— ரயில்ல கார்டா இருந்து ரிடையர் ஆனவன் நான். எந்த வண்டி எப்போ கிளம்பணும்னு கொடி காட்டறது என் வேலை. இப்போ சிவப்பு. நீங்க உங்க வேலையைப் பாருங்க.

— அடியில கொஞ்சம் கலங்கலோட பாத்திரம் காலியா இருக்கே? மேல இருந்த தண்ணி எங்கே?

— நான்தான் கொட்டிட்டேன். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னு.

— என்னிக்குமில்லாத அக்கறையா இருக்கு. சரி, கீழே கையை நீட்டுங்க, நட்டைக் கழட்டறேன். வாஷர் உருண்டு ஓடிடும்.

— ஓடினா போன தடவை மாதிரி நீங்களே அடுப்புக்கு அடியில படுத்து எடுப்பீங்க. பார்க்க நல்லா இருந்துச்சு. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம்கூட வந்துச்சு.

— சிரிச்சாளா?

— யாரு? வீட்லதான் யாரும் இல்லன்னு சொன்னேனே.

— உங்களை வச்சுக்கிட்டு... அந்த பிரஷ்ஷைக் கொடுங்க.

— இந்தாங்க, புத்தம்புது பிரஷ். உங்களுக்குன்னே வாங்கி வச்சேன்.

— புதுசு வேண்டாம் மாமா, விறைப்பா இருக்கும், கீறல் விழும். தேய்ஞ்ச டூத் பிரஷ்தான் இதுக்கு லாயக்கு.

— தேய்ஞ்சதுன்னா வீட்ல என்னோடது ஒண்ணுதான் இருக்கு. அதைக் கொடுத்துட்டு நாளைக்கு நான் எதுல பல் தேய்க்கறது?

— கையில வச்சிருக்கீங்களே, அதுல.

— அட, ஆமா. சரி, ஸ்டீல் நாரால ஒரு இழு இழுத்தா சட்டுன்னு வெள்ளையாயிடாதா?

— முதல்ல வெள்ளையாயிடும், அப்புறம் ஓட்டையாயிடும். இந்தப் பீங்கான் கேண்டில் பூரா கண்ணுக்குத் தெரியாத துளைங்க. தண்ணி அது வழியா உள்ளே இறங்கிடும், அழுக்கு வெளித்தோல்ல நின்னுடும். அந்தத் தோலை மட்டும், குழாய்த் தண்ணியில காட்டி, மேலேருந்து கீழே மெதுவா எடுக்கணும். லென்ஸ் துடைக்கற மாதிரி.

— சோப்பு?

— மாமா.

— ஒரு பேச்சுக்குக் கேட்டேன். சோப்பு போடலாமா?

— கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்.

— எனக்கு எப்படித் தெரியும், நான் கார்டு. ஏன் கூடாது? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, காது சரியா கேட்கல.

— பீங்கான் சோப்பைக் குடிச்சுக்கும். அப்புறம் எவ்வளவு அலசினாலும் தண்ணியோட சோப்பும் இறங்கிக்கிட்டே இருக்கும்.

— அப்படி யாராவது தெரியாம போட்டுட்டா, அது பெரிய குத்தமா?

— இல்ல மாமா. தெரியாம செஞ்சா என்ன குத்தம்?

— அப்போ உங்க முதலாளிக்கு வச்ச விருந்தன்னிக்கு என்ன சொன்னீங்க? அவ வாயால கேட்டுட்டேன். உங்க வாயாலயும் கேட்கணும்.

— வேண்டாமே.

— அதாவது மாப்ளே, எனக்குத் தண்ணி வேணும், உங்களுக்குப் பொண்டாட்டி வேணும். யாருக்கு அவசரம்னு பார்த்துக்கங்க.

— எங்க முதலாளி வீட்டம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, "தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கீங்களா, வாசனையா இருக்கே"ன்னாங்க. டம்ளரைப் பார்த்தேன், ஓரத்துல நுரை. ஃபில்டருக்குச் சோப்பு போட்டிருக்கான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. "எங்க வீட்ல அப்படித்தாங்க, விருந்தாளியை உள்பக்கமும் கழுவித்தான் அனுப்புவா"ன்னு சொல்லிட்டேன்.

— ஹா ஹா! உள்பக்கமும்... அடடா. மன்னிச்சுக்கங்க. நான் சிரிச்சதை அவகிட்ட சொல்லிடாதீங்க.

— அவதான் கேட்டுக்கிட்டு இருக்காளே.

— இல்லன்னா இல்ல. மேல சொல்லுங்க.

— எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

— அங்கேதான் சிக்னலைத் தப்பாப் பார்த்தீங்க. அவ சிரிச்சது மஞ்சள் விளக்கு. நீங்க பச்சைன்னு நெனைச்சு வண்டியை விட்டுட்டீங்க.

— விட்டுட்டேன். மறுநாள் அவ தண்ணி கொடுத்தப்போ டம்ளர்ல புஸ்ஸுன்னு ஊதிக் காட்டினேன். கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன். அவ போன் பண்ணினா பசங்க "நுரை அண்ணி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. சத்தியமா எனக்கு விளையாட்டாத்தான் இருந்துச்சு மாமா.

— ஆபீஸ்லேருந்து வந்து உடுப்பைக்கூட மாத்தாம, உங்க முதலாளி முன்னாடி நீங்க தலைநிமிர்ந்து உட்காரணும்னு, ரெண்டு கையும் வலிக்கத் தேய்ச்சிருக்கா. சொன்னாளா?

— கை வலிக்குதுன்னு சொன்னா. எதுக்குன்னு நான் கேட்கல.

— அதானே.

— அப்புறம் ஒருநாள் அப்பாவுக்கு ஜலதோஷம், பார்த்துட்டு வரேன்னு கிளம்பிட்டா.

— எனக்கு ஜலதோஷமே இல்ல. உள்ளே வந்து பெட்டியை வச்சுட்டு, "அப்பா, உங்களுக்கு ஜலதோஷம்"னா. மகள் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ரெண்டு தும்மல் போட்டேன்.

— இன்னுமா சரியாகல?

— மருந்து உங்க கையில இருக்கு. தேய்ங்க. ஏன் மாப்ளே, அந்த முதல் கேண்டில் சட்டுன்னு வெளுத்துடுச்சு. இது என்ன, தேய்க்கத் தேய்க்க வந்துக்கிட்டே இருக்கு? மேல சிவப்பு, அதுக்கடியில பாசி மாதிரி ஒரு வழவழப்பு. ரெண்டையும் ஒரே கையாலதானே போன வாரம் தேய்ச்சீங்க?

— அது வந்து... தண்ணி கொஞ்சம் மோசம்.

— ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான். என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.

— ஒண்ணைத்தான் தேய்ச்சேன்.

— எதுக்கு?

— ரெண்டையும் தேய்ச்சுட்டா நீங்க மாசக்கணக்கா என்னைக் கூப்பிட மாட்டீங்களே! இது ஒண்ணுதான் மாமா எனக்கு இந்த வீட்டுக்குள்ள வர்ற வழி. வேற என்ன சொல்லிக்கிட்டு வர்றது? உங்க ஜலதோஷத்தைப் பார்க்கவா?

— அடப்பாவி மனுஷா! எங்களைத் தாகத்துல விட்டுட்டு நீங்க சம்பந்தம் பேசியிருக்கீங்க.

— திட்டுங்க, தகும். ஆனா ஒண்ணு பாருங்க. அந்த வழவழப்பு என்னோடது, ஒத்துக்கறேன். இந்தச் சிவப்பு யாரோடது? ரெண்டுலயும் இருக்கு. விரலால தேய்ச்சா நறநறங்குது. குழாய் அழுக்கு இப்படி நறநறங்காது.

— குழாய்ல ஏதாவது ரிப்பேரா இருக்கும்.

— பால்கனியில மூணு பூந்தொட்டி இருக்கு. ரெண்டுல மண் விளிம்பு வரைக்கும் இருக்கு. என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க மாமா.

— நீங்க போலீஸுக்கே போயிருக்கலாம்.

— மாமா!

— ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூன் மண்ணு. அதாவது மாப்ளே, நீங்க தேய்க்கிற தேய்ப்புக்கு இது வருஷக்கணக்கா ஓடும்னு பயந்துட்டேன். நீங்க அரைகுறையா தேய்ச்சது எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஸ்பூனும் தேவைப்பட்டிருக்காது.

— நீங்க பெரியவங்கதானா?

— நீங்க மட்டும்? விடுங்க. ரெண்டு பேரும் ஒரே ரயில்ல டிக்கெட் இல்லாம வந்தவங்க. அடுத்து என்ன?

— விரிசல் பார்க்கணும். வாளித் தண்ணிக்குள்ள பிடிச்சுக்கறேன், இந்தக் காம்பு வழியா ஊதுங்க.

— விசில் ஊதின வாய், இதெல்லாம் ஜுஜுபி. ஃபூ... என்ன தெரியுது?

— சுத்திலும் பொடிப்பொடியா குமிழ் வருது. நல்லது. ஒரே இடத்துலேருந்து கோடு போட்ட மாதிரி வந்தாத்தான் விரிசல். அப்போ தூக்கிப் போட வேண்டியதுதான். ம், இன்னொண்ணு... இதுலயும் இல்ல. வெறும் அழுக்குதான் மாமா. உள்ளே நல்லா இருக்கு.

— கேட்க நல்லா இருக்கு. இனி மாட்டிடலாமா?

— ஒரு கொதி விட்டு எடுக்கணும். பச்சைத் தண்ணியில போட்டு அடுப்புல வைங்க. கொதிக்கிற தண்ணியில டக்குன்னு போட்டா வெடிச்சிடும்.

— கொதிக்க வைக்கிறதுல இப்போ எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. இதோ. வச்சாச்சு. இப்போ சும்மா நிக்கிற நேரம். தேய்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஒளிஞ்சுக்க ஒண்ணும் இல்ல. கேட்கறேன், சொல்லுங்க. வாராவாரம் வர்றீங்க, தேய்க்கறீங்க, டீ குடிக்கறீங்க, போறீங்க. வீட்டுக்கு வான்னு அவளை ஒரு தடவை கூப்பிட்டீங்களா?

— வர்றேனே மாமா. அதுக்கென்ன அர்த்தம்? கூப்பிடத்தானே வர்றேன்.

— வண்டி ஸ்டேஷன்ல வந்து நிக்கிறது வேற. கதவைத் திறந்து ஏறுங்கன்னு சொல்றது வேற.

— பயமா இருக்கு மாமா. வரமாட்டேன்னு சொல்லிட்டா?

— அவ வெளியில போயிருக்கா. இருந்தாலும் இந்த வீட்டுக் கதவுங்களுக்குக் காது நல்லா கேட்கும். அதுகிட்ட சொல்லிப் பழகிக்கங்க.

— சரி. ஏய்... இங்க பாரு. எனக்குப் பேசத் தெரியும்னு எல்லாரும் சொல்லுவாங்க. பேசத் தெரியல. நாலு பேரைச் சிரிக்க வைக்கத் தெரியும், அவ்வளவுதான். நீ எனக்காகத்தான் தேய்ச்சேன்னு தெரிஞ்சுக்காம, அதை வச்சே கடை பூரா சிரிக்க வச்சேன். பசங்ககிட்ட சொல்லிட்டேன், இனிமே அந்தப் பேர் யார் வாயிலயும் வராது. வீட்ல நம்ம ஃபில்டரை அன்னிக்குக் கழட்டினவன் இன்னும் மாட்டல. கடைத் தண்ணி பாட்டில்தான் வாங்கிக் குடிக்கிறேன். ராத்திரி சமையலறைக்குப் போனா சொட்டுச் சத்தம் இல்ல, உன் சத்தமும் இல்ல, எனக்கு அழுகையா வருது. தப்பு என்னோடது. வீட்டுக்கு வா.

— ம். நல்லாத்தான் சொன்னீங்க. ஒரு ஜோக்குகூட வரல.

— பதில் வரலையே மாமா.

— கொஞ்சம் பொறுங்க.

— தண்ணி கொதிச்சுடுச்சு. அணைங்க. தானா ஆறட்டும்.

— மாப்ளே, முகத்தை அப்படி வச்சுக்காதீங்க, எனக்கு என்னமோ பண்ணுது.

— பரவாயில்ல மாமா. கேண்டிலை நீங்களே மாட்டிக்கங்க. நட்டைக் கையால திருகினா போதும், ஸ்பானர் போட்டு நெரிக்காதீங்க, பீங்கான் தாங்காது. முதல் தடவை இறங்கற தண்ணியைக் குடிக்காம கொட்டிடுங்க. மேல் பாத்திரத்தை மட்டும் அலசி வச்சுட்டு நான் கிளம்பறேன். இனிமே மண்ணு கிண்ணு போடாதீங்க, நானும் ஒழுங்கா தேய்ச்சுட்டேன்.

— அப்போ அடுத்த வாரம்?

— எதுக்கு வர்றது? ... மாமா, இங்க வாங்க. பாத்திரத்து அடியைப் பாருங்க. இதுவா உங்க ஒரு ஸ்பூன்?

— எங்கே?

— கலங்கலுக்கு அடியில ஒரு கைப்பிடி மண்ணு இருக்கு. வேர் இருக்கு, காஞ்ச இலை இருக்கு, இந்தா, ஒரு கூழாங்கல்! கூழாங்கல்லைப் போட்டா தண்ணி குடிக்கிறவன் என்ன ஆவான்?

— இது நான் இல்ல மாப்ளே! நான் டீ வடிகட்டியில சலிச்சு, பொடி மண்ணா ஒரு ஸ்பூன் போட்டவன். சத்தியமா இந்தக் கல்லு என்னோடது இல்ல. மூணாவது ஆள் யாரு இந்த வீட்ல...

— சலிக்கணும்னு தெரியாம அள்ளிப் போட்டது நான்தான்ப்பா. அந்தக் கண்ணாடியை அவரையே எடுத்துக்கிட்டு உள்ளே வரச் சொல்லுங்க, பெட்டியோட ஜிப் எங்கே இருக்குன்னே தெரியல. இன்னிக்கும் ஒரு வார்த்தை கூப்பிடாம கிளம்பியிருந்தார்னா, அடுத்த வாரம் வீட்ல இருக்கற சோப்பு பூராவையும் அதுக்குள்ள கொட்டறதாத்தான் இருந்தேன்.