கல்நார்க் கயிறு

பழைய வண்டி பாடாய்ப் படுத்துகிறது என்று சொல்கிறவர்களுக்குக் காலையில் எழுந்திருக்கச் சோம்பல், ஐயா. வேறொன்றும் இல்லை. பதினாறு வருஷம் உலகநாதன் முதலாளி வீட்டுக் காரை ஓட்டினேன். ஒரு நாள்கூட அது என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் வில்லியனூரில் கார் வைத்திருந்தவர்கள் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். முதலாளி மட்டும் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு கரி உலையைப் பொருத்தினார். அடுப்புக்கரியை மூட்டினால் வரும் வாயுவில் வண்டி ஓடும். தினமும் சாம்பலை வாரி, வடிகட்டியைத் தட்டி, வாயு கசியாமல் உலை மூடியைச் சுற்றியிருக்கும், தீப்பிடிக்காத கல்நார்க் கயிற்றை அழுத்திவிட வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். அதனால் மூட்டியதும் மூடியோரமாக ஊதுபத்தியைச் சுற்றிப் பிடிப்பேன். புகை நேராக எழுந்தால் சரி, விலகி ஓடினால் கசிவு. வீட்டில் அதைப் பூஜை என்று நினைத்தார்கள். முதலாளியின் சம்சாரம் கோகிலாம்பாள் அம்மா தன் கையாலேயே பத்தி எடுத்துக் கொடுப்பார். நான் திருத்தவில்லை. சாமி காரியம் என்றால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

போன ஆவணியில் முதலாளியின் கடலூர் மருமகன் ஒரு டிரைவரை அனுப்பினார், பெயர் கனகராஜ். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தை பொறக்கறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு சுப்புராயா. அவன் பொண்டாட்டிய அழைச்சினு வரான்."

"அமிர்தத்த எங்க தூக்கினு போவேன் மொதலாளி?"

"உனுக்குச் சொந்தம்னு யாருமே இல்லியா இன்னா?"

இல்லை. என் மனைவி அமிர்தம் வாதம் வந்து, கைகால் விளங்காமல், பேச்சும் போய் இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறாள். ஷெட்டை ஒட்டிய அந்த ரூம்தான் எங்களுக்கு வீடு. பண்டசோழநல்லூர் வரை அலைந்து பார்த்தேன். படுத்த படுக்கையான பெண்பிள்ளையோடு வருகிறவனுக்கு யாரும் வேலை தரவில்லை. கரும்புக் கொல்லையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கனகராஜுக்கு எல்லா வேலையும் பழக்கினேன். "இது இன்னாண்ணே, பூஜையா?" என்று பத்தியைப் பார்த்துக் கேட்டான். "ஆமாம்பா" என்றேன். அவனும் பயபக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றி முன்பக்கம் செருகிவைப்பான். வீட்டுப் பெண்களுக்குத் தலைவலி, மயக்கம் என்று வந்தால் அவனுக்கு வேலை தெரியவில்லை என்று என்னையே திரும்பக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

இந்த ஐப்பசியில், நாலு நாளைக்கு முன்னால், கோகிலாம்பாள் அம்மாவும் மகள் ஜெயமணியும் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்காகப் புதுச்சேரி கிளம்பினார்கள். நல்ல மழை. அம்மா கிளம்பும் முன் எப்போதும்போல அமிர்தத்துக்குக் குழைந்த சோறு கொண்டுவந்து வைத்தார். சாரல் அடிக்கிறது என்றார். கித்தான் திரையை இறக்கி, எல்லாப் பொத்தானையும் நான்தான் மாட்டினேன்.

இன்ஜின் ஓடும்போது வாயுவை அது இழுத்துக்கொள்ளும். நின்றால்தான் வெளியே வரும். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கனகராஜ் வண்டியை நிறுத்திவிட்டு, கேட்காரன் கொட்டகையில் அரை மணி நேரம் பீடி பிடித்தான். திரும்பி வந்தபோது தாயும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். தூக்கம் கலையக் கூடாதென்று புதுச்சேரி வரை மெதுவாகவே ஓட்டினானாம். நல்ல பையன்.

நீங்கள் அவனை ஸ்டேஷனுக்குப் பிடித்துப்போனீர்கள். முதலாளி சாவியை என்னிடம் கொடுத்தார். ரூமும் நிலைத்தது.

கயிறு தேய்ந்து விழுந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தேயவில்லை, ஐயா. அன்று காலை, கனகராஜ் உலை வேலையை முடித்துவிட்டுக் குளிக்கப் போனபோது நான் உருவினேன். தலைவலிக்கு ஒரு சாண் போதும். முழுவதையும் உருவினேன். தலைவலி ஒரே நாளில் சரியாகிவிடும். தை மாசம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஷெட்டுக்கும் ரூமுக்கும் நடுவில் கதவு கிடையாது. அமிர்தம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேச வராதே தவிர, அவளுக்கு எல்லாம் புரியும். சாவுச் செய்தி வந்ததிலிருந்து என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். கரண்டியைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நாலு நாளாகத் தண்ணீர் மட்டும்தான் உள்ளே போகிறது.

கனகராஜை விடுவதும் என்னை வைப்பதும் உங்கள் இஷ்டம். ஒரு ஆளை அனுப்பி, நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். எல்லாம் அவளுக்காகத்தானே செய்தேன். ஒரு வாய் சாப்பிடட்டும்.