நூற்றுக்கு ஐந்து போனால் போகட்டும் என்றவள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஹாஜி முகம்மது அவர்களே, புதுச்சேரிக் குடும்பங்களின் சார்பில் வந்திருக்கும் ரோஜே அவர்களே, கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே! அஸ்ஸலாமு அலைக்கும், மற்றவர்களுக்கு என் வணக்கம்.

ஹாஜியா ஜெய்த்தூன் பீவி அவர்களைப் பற்றி எல்லோரும் நல்லதே சொன்னீர்கள். அத்தனையும் உண்மை. அதுதான் இந்த ஹமீதுன்னிசாவின் வயிற்றெரிச்சல்! டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பத்தொன்பது வருஷம் எதிரெதிரே சோற்றுக்கடை வைத்திருந்தோம். அவளுடைய கறி ஆணத்துக்கு நிற்கும் வரிசையை நான் எண்ணாத நாள் உண்டா?

இரண்டு பேருமே குடும்பக் கடை என்று பதிந்து, அதிகாரி பார்த்துச் சொன்ன வரியைக் கட்டிவந்தோம். கணக்குக் காட்ட வேண்டாம். திடீரென்று அவள் தன் கடையை ஒருவர் கம்பெனியாக்கினாள். லாபத்துக்கு மட்டும்தான் வரி, ஆனால் செலவுக்கெல்லாம் ரசீது வேண்டும். சந்தையில் வெங்காயக்காரியிடம் ரசீது கேட்டாள்! சிரிக்காமல் இருப்பேனா?

"வெங்காயத்துக்கும் ஒரு கணக்கப்பிள்ளைய வச்சுக்க புள்ள."

"வச்சாச்சு லாத்தா. ஒங்கள விட நல்லாவே சிரிக்கிறாரு."

அப்புறம் என் சிரிப்பு நின்றது. வியாபாரம் படுத்த வருஷம் அவளுக்கு நட்டம், லாப வரி கிடையாது. எனக்கோ ஈ ஓட்டிய மாதத்துக்கும் அதே வரி! பக்கத்திலுள்ள பின் யுவோங் ஊர்த் தொழிற்சாலைக்காரர்கள், வரி ரசீது கொடுக்கும் கம்பெனியிடம்தான் மதியச் சாப்பாடு வாங்குவோம் என்றார்கள். தினம் முந்நூறு சோறு! யாருக்குப் போயிற்று என்று சொல்லவும் வேண்டுமா?

ஆறு மாதத்துக்கு முன் அவளே வந்தாள்.

"லாத்தா, பங்குக்கு வாங்க."

"தனியா இருக்கிறதுல ஒனக்கென்ன கொறச்சல்?"

"ஒண்ணுமில்ல. ஒருத்தி கம்பெனின்னா வரி கட்டுன மிச்சம் முழுசா எனக்கு. ரெண்டு பேராயிட்டா, எடுக்குற லாபத்துல நூத்துக்கு அஞ்சு மறுபடி வரியா போவும். போனா போவட்டும்."

"ஒனக்குக் கீழ நிக்க நா வரல" என்றேன். உடம்பு முடியாமல் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் ஒத்துக்கொண்டிருப்பேனா? கொடுப்பதிலும் அவள்தானே முந்திக்கொண்டாள்!

பாரிஸிலிருந்து வந்திருக்கும் அவள் மகள் நூர் நிஷா, கம்பெனியை மூடப்போவதாகச் சொன்னாள். மூடினால் சமையல்கட்டுப் பெண்கள் ஐந்து பேர் எங்கே போவார்கள்? நேற்று நானே போய்ப் பங்கு கேட்டேன். ஆம், நானே! ஒத்துக்கொண்டாள்: மகளுக்குப் பாதி, எனக்குப் பாதி. அந்த நூற்றுக்கு ஐந்தை நானும் கட்டுகிறேன்.

அல்லாஹ் அவளுடைய கப்ரை விசாலமாக்குவானாக. உங்கள் முன் வாக்குக் கொடுக்கிறேன்: திங்கட்கிழமை பின் யுவோங்குக்குச் சோறு போகும். "ஜெய்த்தூன் கைப்பக்குவம் இல்லையே" என்பார்கள். எனக்குப் பொறுக்காதுதான். ஆனாலும் செவ்வாய்க்கிழமையும் சமைப்பேன்.